சோப்பும் தோப்பும்: அம்மாவின் காது மெஷின், பத்து மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

பேராவூரணிக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்களோடு வசிக்கும் என் அம்மாவுக்கு வயது 74. பத்து மாதங்களுக்கு முன்பு, தஞ்சாவூரில் உள்ள ஒரு செவித்திறன் நிலையத்தில் அவருடைய இரண்டு காதுகளுக்கும் மெஷின் வாங்கினோம். காது மடலுக்குப் பின்னால் உட்காரும் சிறிய பெட்டியும், அதிலிருந்து முடிபோன்ற கம்பி வழியாகக் காதுத் துளைக்குள் இறங்கும் குட்டி ஒலிபெருக்கியும், அதன் முனையில் குடை வடிவச் சிலிக்கோன் குமிழும் கொண்ட வகை அது; பேட்டரி மாற்றத் தேவையில்லாமல் இரவில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஒரு காதுக்கு 42,000 ரூபாய் வீதம் 84,000 ரூபாய் ஆயிற்று. காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் பில்லில் அதற்குமேல் ஒன்றும் சேரவில்லை. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு இது பெரிய தொகை. வாங்குவதற்கு முன்பு நான் தேடிப் படித்தவற்றில் பெரும்பாலானவை விளம்பரங்களாகவே இருந்தன. தமிழ் பேசும் வீட்டில், தமிழ்ச் சொற்களைக் கேட்கும் காதுக்கு இந்தக் கருவி என்ன செய்கிறது என்று யாரும் எழுதியிருக்கவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இந்தச் செலவுக்கு எங்களைக் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு சோப்பு. அம்மாவின் பிறந்த வீட்டுத் தென்னந்தோப்பு ஒன்று அவர் பெயரிலும் அவருடைய தம்பி பெயரிலும் கூட்டாக இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதியைச் சாய்த்தபோது அந்தத் தோப்பில் பாதி மரங்கள் விழுந்துவிட்டன. எஞ்சியதை விற்கலாமா, புதுக் கன்று வைக்கலாமா என்ற பேச்சு அன்றிலிருந்து ஓய்ந்தபாடில்லை. அம்மாவுக்கு விற்க மனமில்லை, ஏனென்றால் அந்த மரங்கள் அவருடைய அப்பா கையால் வைத்தவை. ஒரு நாள் காலையில் கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த என் மனைவி, “அத்தை, சோப்பு முடிஞ்சிருச்சு” என்று குரல் கொடுத்தார். திண்ணையில் இருந்த அம்மாவின் காதில் விழுந்தது, “தோப்பு முடிஞ்சிருச்சு.” பதறிப்போய், “எவ்வளவுக்கும்மா?” என்று கேட்டார். சோப்பு விலையைத்தான் கேட்கிறார் என்று நினைத்த என் மனைவி, “நாப்பத்தஞ்சு. நாலா எடுத்தா குறைச்சுத் தர்றாங்க” என்றார். எங்கள் ஊரில் தோப்பு விலை பேசும்போது நாற்பத்தைந்து என்றால் அதற்குப் பின்னால் லட்சம் என்று யாரும் சொல்வதில்லை, அது தானாகவே சேர்ந்துகொள்ளும்.

அம்மா உடனே தம்பிக்குப் போன் செய்து, தனக்குத் தெரியாமல் தோப்பை நாற்பத்தைந்துக்கு முடித்துவிட்டார்கள் என்று அழுதிருக்கிறார். என் மாமா அறந்தாங்கியிலிருந்து உச்சி வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவர் வாசற்படி ஏறாமலேயே, “என்ன மாப்ளே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் வாங்கினார்கள், யார் தரகர், முன்பணம் யாரிடம் என்று அரை மணி நேரம் கேள்விகள் நடந்த பிறகு, என் மனைவி உள்ளே போய்ச் சோப்பு உறையைக் கொண்டுவந்து மாமா கையில் கொடுத்து, அதில் அச்சிட்டிருந்த விலையைக் காட்டினார். அதன் பிறகு அந்தத் திண்ணையில் எழுந்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆனால் அன்று மாலையிலிருந்து யார் எது சொன்னாலும் “சரி” என்று மட்டும் சொல்லத் தொடங்கினார். மறுபடி கேட்பதில்லை, பேச்சை வளர்ப்பதில்லை. காதில் விழுந்ததைச் சொன்னால் சிரிப்பார்கள் என்ற கூச்சம் அவருக்குள் நுழைந்துவிட்டது என்பதை நான் உணர மூன்று வாரமாயிற்று.

அதற்கு முன்பும் இப்படிப்பட்டவை வீட்டில் நடந்துகொண்டுதான் இருந்தன. இரவு தங்க வந்த உறவுக்காரப் பெண் “பாய் எங்க இருக்கு பெரியம்மா?” என்று கேட்க, “பிரிட்ஜில கீழ்த்தட்டில இருக்கு பாரு” என்று அம்மா சொன்னார். காய் என்று கேட்டிருக்கிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் “நாளைக்குப் பட்டினியா வரணும்மா” என்று சொன்னதைச் சட்னி என்று கேட்டுக்கொண்டு, முதல் ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிட்டுவிட்டு மறுபடி கொடுக்க வேண்டுமே, அதற்கான ஏற்பாடுதான் போலும் என்று தானே நியாயமும் கற்பித்துக்கொண்டு, இட்லியும் தேங்காய்ச் சட்னியும் டப்பாவில் கட்டி எடுத்துப் போயிருக்கிறார். பேருந்து தாமதமானதால் வழியிலேயே சாப்பிட்டும்விட்டார். அன்றைக்குப் பரிசோதனை நடக்கவில்லை. வீட்டில் இவற்றையெல்லாம் நகைச்சுவைத் துணுக்குகளாகச் சேர்த்துவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தச் சிரிப்பில் அன்பு இருந்தது என்பது உண்மைதான். ஆனால் ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்பதை நாங்கள் கவனிக்கத் தவறினோம். சோப்பு தோப்பானது, பாய் காயானது, பட்டினி சட்னியானது. எல்லாவற்றிலும் உயிரொலி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, சொல்லின் முதல் மெய்தான் மாறியிருக்கிறது.

இதற்கான காரணத்தைத் தஞ்சாவூர் நிலையத்தில் ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறனைச் சோதித்து மெஷின் பொருத்தும் வல்லுநர், விளக்கியபோது எனக்கு வியப்பாக இருந்தது. அதற்கு முன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் காட்டி, காதில் குறும்பி அடைத்திருக்கவில்லை, செவிப்பறையில் ஓட்டையோ சீழோ இல்லை என்று உறுதிசெய்துகொண்டோம். மெஷின் வாங்குவதற்கு முன்பு இந்தப் படியைத் தாண்டிவிடக்கூடாது. பிறகு ஒலி புகாத அறையில் அம்மாவை உட்காரவைத்து, 250 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலி முதல் 8000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சொலி வரை ஒவ்வொரு ஒலியும் எவ்வளவு மெதுவாக இருக்கும்வரை கேட்கிறது என்று பார்த்து, கட்டம் போட்ட தாளில் வலக்காதைச் சிவப்பு வட்டமாகவும் இடக்காதை நீலப் பெருக்கல் குறியாகவும் குறித்தார்கள். அம்மாவின் கோடு 250 ஹெர்ட்ஸில் 25 டெசிபலில் தொடங்கி, 1000 ஹெர்ட்ஸில் 35, 2000இல் 50, 4000இல் 65 என்று வலப்புறம் போகப்போகச் சரிந்து இறங்கியது; டெசிபல் எண் கூடக்கூட, அவ்வளவு சத்தமாக இருந்தால்தான் அந்த ஒலி கேட்கும் என்று பொருள். வயதாகும்போது உள்காதின் நத்தை எலும்புக்குள் இருக்கும் மயிரணுக்களில், கீச்சொலிகளை வாங்கும் அடிப்பகுதி அணுக்கள் முதலில் தேய்கின்றன. தேய்ந்தவை மறுபடி முளைப்பதில்லை. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் வலு பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை தப்பித்துவிடுகின்றன. சோப்பு என்று சொல்லும்போது முதலில் வரும் காற்றுரசலின் வலு 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. த, ப, க போன்ற வல்லின மெய்களோ நொடியின் ஒரு சிறு பங்கில் வெடித்து மறைபவை. அம்மாவின் காதுக்குச் சோப்பு ‘ஓப்பு’ என்றுதான் வந்து சேர்ந்திருக்கிறது. விடுபட்ட எழுத்தை மூளை தன்னிடமிருந்து எடுத்துப் போட்டிருக்கிறது. அப்போது அவர் மனம் முழுக்கத் தோப்பு இருந்தது.

நாங்கள் கத்திப் பேசியது ஏன் பயன்படவில்லை என்பதும் இதிலேயே தெரிந்தது. கத்தினால் உயிரொலிதான் பெருக்கிறது, மெய் அந்த அளவுக்குப் பெருக்காது. “கேக்குதுடா, புரியத்தான் மாட்டேங்குது” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததை நான் சலிப்புப் பேச்சு என்று நினைத்திருந்தேன். அது துல்லியமான நோய்க்குறிப்பு.

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. ஆடியாலஜிஸ்ட் முதலில் அம்மாவுக்கு எதிரே அமர்ந்து தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். அம்மா பெரும்பாலும் சரியாகச் சொன்னார். பிறகு ஓர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு அதே அளவு குரலில் சொன்னபோது பாதிக்குமேல் தவறிவிட்டன. அம்மா பல ஆண்டுகளாக எங்கள் உதடுகளைப் படித்தே பேச்சை நடத்திவந்திருக்கிறார். கொரோனா காலத்தில் எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தபோது அவர் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டதற்கு, நோய்ப் பயம் மட்டும் காரணமில்லை என்று அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் புரிந்தது. கண்ணும் சேர்ந்துதான் கேட்கிறது என்பதை 1976இலேயே மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்: ‘ப’ போன்ற ஒலியைக் கேட்கவைத்து, ‘க’ போன்று அசையும் உதடுகளைக் காட்டினால், பார்ப்பவர்களில் பலருக்கு ‘த’ போன்ற மூன்றாவது ஒலி கேட்கிறது.

தஞ்சாவூருக்குப் போவதற்கு முன்பு நாங்கள் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சி விளம்பரத்தைப் பார்த்து 1,800 ரூபாய்க்கு ஒரு மெஷின் வரவழைத்தோம். அது எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கியது. மிக்ஸியும் குக்கர் விசிலும் பாத்திரம் விழும் சத்தமும் அம்மாவின் தலைக்குள் இடித்தன. சோப்பு மட்டும் தோப்பாகவே இருந்தது. மூன்றாம் நாள் அது பீரோவுக்குள் போயிற்று. காதைப் பரிசோதிக்காமல் விற்கப்படும் எந்தக் கருவியையும் வாங்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். தாளில் இறங்கும் கோடு எங்கே எவ்வளவு சரிகிறதோ, அங்கே அவ்வளவு மட்டும் ஒலியைக் கூட்டிக்கொடுப்பதற்குத்தான் நல்ல கருவிக்குப் பணம் கொடுக்கிறோம்.

இந்த விமரிசனத்தில் கருவிக்குத் தரும் பாராட்டைவிட அதைப் பொருத்திய விதத்துக்குத் தரும் பாராட்டு பெரிது. முதல் நாள் இரண்டரை மணி நேரம் செலவிட்டார்கள். மெல்லிய குழாய் ஒன்றைக் காதுக்குள் விட்டு, மெஷின் போட்ட நிலையில் செவிப்பறைக்கு அருகில் உண்மையாகவே எவ்வளவு ஒலி போய்ச் சேருகிறது என்று கணினியில் அளந்தார்கள். அம்மாவின் காதுத் துளை வளைந்திருப்பதால் தொழிற்சாலையிலிருந்து வந்த கணக்கு அவருக்குப் பொருந்தாது என்பது அந்த அளவீட்டில்தான் தெரிந்தது. முழு அளவையும் உடனே கொடுக்காமல் குறைத்துவைத்து அனுப்பி, பத்தாம் நாள், இருபத்தைந்தாம் நாள், இரண்டாம் மாதம் என்று மூன்று முறை அழைத்துக் கூட்டினார்கள். அம்மாவிடம் நேரடியாகப் பேசினார்கள். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கவில்லை. இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவுபெற்ற ஆடியாலஜிஸ்ட்தானா என்று போகும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. நான் கேட்டேன், சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார்.

முதல் வாரம் கடினமாகத்தான் இருந்தது. தன் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்றார். கூடத்தில் மின்விசிறி ஓடினால் மழை பெய்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தார். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று தொடங்கி, மூன்றாம் வாரத்தில்தான் நாள் முழுதும் போட்டுக்கொண்டார். பல ஆண்டுகளாகக் கேட்காத ஒலிகளை மூளை மறுபடி பழகிக்கொள்ள வேண்டும், அதற்கு அவகாசம் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஐந்தாம் நாள் காலை அடுப்பங்கரையில் நான் கண்டதை மறக்க மாட்டேன். ரசத்துக்குத் தாளிக்க எண்ணெயில் கடுகு போட்ட அம்மா, அது வெடிக்க ஆரம்பித்ததும் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்து நின்றார். கடுகு எல்லாம் வெடித்து ஓயும்வரை கறிவேப்பிலையைப் போடவில்லை. “இவ்வளவு சத்தமா வெடிக்கும்?” என்று என் மனைவியைப் பார்த்துக் கேட்டார். அத்தனை நாளும் வாசனையை வைத்துத்தான் தாளித்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு வளையலைக் காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தார்.

என் மகளுக்கு ஆறு வயது. குழந்தைகளின் மெல்லிய, உயர்ந்த குரல்தான் இத்தகைய காதுக்கு மிகவும் கடினம். மழலைப் பேச்சு மாறாத வேகத்தில் அவள் சொல்லும் பள்ளிக்கூடக் கதைகளுக்கு அப்பத்தா “சரி சரி” என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். இப்போது இடையில் நிறுத்தி, “அந்தப் புள்ளை ஏன் ஓன் பென்சிலை எடுத்துச்சு?” என்று கேட்கிறார். நான் கொடுத்த 84,000 ரூபாயில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்கே சரியாகப் போய்விட்டது என்று கருதுகிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். கூட்டத்தில் இந்த மெஷின் திணறுகிறது. எங்கள் பக்கம் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்துகள் நடக்கும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும்; விருந்து வைத்து, வருகிறவர்களிடம் மொய்ப் பணம் வாங்கி நோட்டில் எழுதிவைப்பார்கள். பந்தலில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்க, ஒருபக்கம் கறிச்சோற்றுப் பந்தியும் மறுபக்கம் வரிசையாக எழுத்து மேசைகளும் நடந்துகொண்டிருந்த அப்படியொரு விருந்தில், தெரிந்தவர் ஒருவர் அம்மாவிடம் வந்து, “என்ன ஆச்சி, மொய் எழுதியாச்சா?” என்று கேட்டார். அம்மாவின் முகம் மாறிவிட்டது. “நான் எதுக்குய்யா பொய் எழுதணும்? வாங்குனதுக்கு நோட்டு இருக்குல்ல?” என்று பதில் வந்தது. கேட்டவர் திகைத்துப்போனார். அவர் வீட்டு மொய்க் கணக்கில் ஏதோ வழக்கு இருப்பதாகப் பக்கத்திலிருந்தவர்கள் நினைத்திருக்கக்கூடும். நான் ஓடிப்போய் விளக்க வேண்டியிருந்தது. ம, ப இரண்டும் உதடு ஒட்டிப் பிறப்பவை. பார்த்தாலும் வேறுபாடு தெரியாது, இரைச்சலில் கேட்டாலும் தெரியாது. எதிரே இருப்பவர் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னிரைச்சலைக் குறைக்கும் வசதி இதில் இருக்கிறது, நான்கைந்து பேர் உட்கார்ந்து பேசும் வீட்டுக் கூடத்தில் அது நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் பந்தல் ஒலிபெருக்கிக்கு முன்னால் தோற்றுவிடுகிறது. இன்னும் விலை கூடிய வகைகள் இதில் மேலானவை என்றார்கள். சோதித்துப் பார்க்கவில்லை என்பதால் அதைப் பற்றி எழுதவில்லை. அம்மா அன்று கோபம் தணிந்தபின் தானே அந்தக் கதையை மாமாவுக்குப் போனில் சொல்லிச் சிரித்தார். சோப்பு நாளுக்குப் பின் வாயை மூடிக்கொண்டவர் இப்போது தானே சொல்லிச் சிரிப்பது எனக்கு நிறைவைத் தந்தது.

தலையணையில் சாய்ந்தாலோ, யாராவது கட்டிப்பிடித்தாலோ மெஷின் கீச்சென்று கத்துகிறது. குமிழைப் பெரிய அளவுக்கு மாற்றிக்கொடுத்த பின் இது குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. தலைக்கு எண்ணெய் தேய்க்கும் பழக்கம் உள்ளவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்: இரண்டாம் மாதம் வலக்காது மெஷின் திடீரென்று ஊமையானதற்கு, ஒலிபெருக்கி முனையில் இருக்கும் அழுக்கு வடிகட்டியில் தேங்காயெண்ணெயும் குறும்பியும் சேர்ந்து அடைத்ததுதான் காரணம். கடுகளவே உள்ள அந்த வடிகட்டியை வீட்டிலேயே மாற்றலாம், ஆனால் அம்மாவின் கண்ணுக்கும் விரலுக்கும் அது முடிகிற வேலையில்லை. என் மனைவிதான் மாற்றுகிறார். வியர்வையும் கடற்காற்றும் உள்ள ஊர் என்பதால் இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைக்கிறோம். முகக்கவசம் கழற்றும்போது அதன் நாடா மெஷினையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். மருத்துவமனையில் ஒருமுறை நாற்காலிக்கு அடியில் தேடி எடுத்தோம். சார்ஜ் ஒரு நாள் முழுதும் தாராளமாக நிற்கிறது. ஆனால் இரவில் மின்சாரம் நின்றுபோனால் மறுநாள் மதியத்தோடு அம்மாவுக்கு உலகம் மங்கிவிடுகிறது. மின்வெட்டு அதிகமுள்ள ஊர்க்காரர்கள், பேட்டரி மாற்றும் வகையை யோசிக்கலாம். அதில் போடும் துத்தநாகக்–காற்று பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்து, ஒரு நிமிடம் காற்றுப் படவைத்துப் போட வேண்டும், உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டிருக்கும்.

இந்தத் தொகை இயலாதவர்கள் காதைப் பரிசோதிக்காமல் விட்டுவிட வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செவித்திறன் பரிசோதனை செய்கிறார்கள். குறைந்த வருமானமுள்ள, அறுபது வயதைக் கடந்தவர்களுக்குக் கருவிகள் வழங்க 2017இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டத்தில் காது மெஷினும் உண்டு; மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரிக்கலாம். எங்கள் தெருவில் ஒருவர் அரசு வழியாகப் பெற்ற மெஷினை நன்றாகவே பயன்படுத்துகிறார்.

பெரிய குறையாக நான் சொல்வது ஒன்று இருக்கிறது. பெட்டிக்குள் வந்த கையேடு தடிமனாக இருந்தது, பல மொழிகளில் இருந்தது, தமிழில் ஒரு வரிகூட இல்லை. இதை அதிகம் அணியப்போகிறவர்கள் எழுபதைக் கடந்தவர்கள் என்று தெரிந்தும், தமிழ்நாட்டில் விற்கும் பொருளோடு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை வைக்காதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால் நானே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவின் பீரோக் கதவின் உட்புறம் ஒட்டினேன்: சிவப்புப் புள்ளி உள்ளது வலக்காது, குளிக்கும் முன் கழற்ற வேண்டும், எண்ணெய் தேய்த்த அன்று காது நன்றாகக் காய்ந்தபின் போட வேண்டும், படுக்கும் முன் சார்ஜில் வைத்துப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அதன் கீழே அம்மாவின் கோணல் எழுத்தில் பென்சிலால் ஐந்தாவது வரி ஒன்று சேர்ந்திருந்தது: “என்னிடம் பேசுகிறவர்கள் முன்னால் வந்து நின்று பேச வேண்டும்.”